தோமஸின் மகனுக்கு ஒரு சம்பந்தம்

றம்லாவுக்கு மகனுடைய தலைமுடிதான் பெரிய தொல்லை. எண்ணெய் போட்டாலும் படியாத சுருட்டை. செத்துப்போன புருஷன் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். அவன் ஆபிரிக்க வழி வந்த சிரம்பியடி ஊர்க் காப்பிரி. கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து அவளை நிக்காஹ் செய்த பிறகும் ஊருக்கு அவன் காப்பிரித் தோமஸ். கற்பிட்டியில் கருவாடு காயவைத்து மகன் ஜௌபரை ஆளாக்கி முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு மருமகள் வந்தால் போதும் என்றிருந்தாள். பேசிய இடமெல்லாம் முடியைக் கண்டதும் தட்டிப்போனது.

இந்த முறை தில்லையடி செய்னுலாப்தீன் ஹாஜியார், மகள் அஸ்ரியாவுக்காக மாப்பிள்ளை பார்க்க வந்தார். புருஷனைப் பற்றிக் கேட்டால் அரபு வியாபாரிகளின் பரம்பரை என்று சொல்லும்படி, கலியாணம் பேசிய அஸீஸா முதலிலேயே சொல்லிவைத்திருந்தாள். ஜௌபரும் கெஞ்சினான். பொய்தானே என்று றம்லாவும் தலையாட்டினாள்.

ஆண்கள் ஸஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே பெரிய தாலத்துச் சோற்றில் கைவைத்தார்கள். ஜௌபரின் மவுத்தாகிப்போன வாப்பா எந்தப் பக்கத்து ஆள் என்று ஹாஜியார் விசாரித்தார். அரபு நாட்டுப் பரம்பரை என்றாள் றம்லா.

கூட வந்த தம்பிக்காரர் சிரித்தார். "நல்லம். முடியப் பாத்திட்டு அடிமை வித்தோ எண்டு பயந்திட்டன்."

றம்லாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"பொய் சொல்லிட்டன் ஹாஜியார். அவர் காப்பிரிதான். ஆபிரிக்காவில புடிச்ச சனத்த அமெரிக்காவுக்குக் கரும்பு வெட்ட ஏத்தின மாதிரி, இவங்கட ஆக்களப் பறங்கி இங்க கொண்டுவந்தான். வித்தவனுக்கு வெக்கமில்ல. விலைப்பட்ட சனத்துக்கு என்ன வெக்கம்?"

தம்பிக்காரர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். வயிறு சரியில்லையாம். ஹாஜியார் மரியாதைக்கு இன்னும் ரெண்டு வாய் தின்று, கை கழுவி, ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். ஒருத்தரும் வரப்போவதில்லை என்பது வாசலில் நின்ற கோழிக்கும் தெரியும். அஸீஸா வாயில் வந்ததெல்லாம் ஏசிவிட்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

சோற்றில் ஆட்டுக்கொழுப்பு உறையத் தொடங்கியது. றம்லா கதிரையில் சாய்ந்தாள். சண்டை பிடிக்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. மகன் ஏசினால் ஏசட்டும்.

ஜௌபர் ஸஹனை விட்டு எழும்பவில்லை. தன் பக்கத்துச் சோற்றைத் தின்று முடித்து, எதிர்ப்பக்கத்துச் சோற்றையும் இழுத்துக்கொண்டான்.

"வேற இடம் பாருங்க உம்மா," என்றான். "ஆனா வாப்பா ஆரெண்டு முதல்லயே சொல்லிடுங்க. ஆக்குற சோறாவது மிச்சம்."