மஞ்சள்தண்ணி குடித்த கார்

மூன்று தமிழர் சேர்ந்தால் நாலு சங்கம் என்பார்கள். பலெர்மோவில் எங்கள் கார் கிளப் இத்தனை வருடம் உடையாமல் நின்றதற்குக் காரணம், அதில் மொத்தமே இரண்டு பேர் இருந்ததுதான். என் நண்பன் தலைவர், நான் செயலாளர். தலைவரிடம் கார் இருந்தது. செயலாளரிடம் லைசென்ஸ்கூடக் கிடையாது. இத்தாலி மொழியில் எழுதும் அந்தப் பரீட்சையில் நான் திரும்பத் திரும்பத் தோற்றதை வீட்டில் இப்போது யாரும் பகிடிக்குக்கூட எடுப்பதில்லை. பாவம் பார்த்து விட்டுவிட்டார்கள்.

அவனுக்கு ஒரு வயோதிபரைப் பராமரிக்கும் வேலை, எனக்கு ஒரு சிஞ்ஞோரா அம்மா வீட்டில் துப்புரவு வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், ஒரேத்தோப் பக்கம் வாடகைக்கு எடுத்த கராஜில், ஒரு பழைய சின்ன இத்தாலியக் காரை ஹாட் ராட், அதாவது சீறிப்பாயும் பந்தயக் கார் மாதிரி, ஆக்கினோம். ‘ஆக்கினோம்’ என்பதில் என் பங்கு, ஸ்பானர் எடுத்துக் கொடுத்ததும் தேத்தண்ணி ஊற்றியதும் யாரும் கேட்காத ஆலோசனை சொன்னதும். அகலச் சில்லுப் பூட்டியது அவன். பெரிய என்ஜின் வைத்ததும் அவன். அந்தக் காருக்கு என்ஜின் பின்பக்கம்; அதை ஊர் பார்க்கவேண்டுமென்று பின்மூடியைக் கழற்றி எறிந்தான். காற்று இழுக்கும் குழாய்கள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்து நிற்கும்.

சிசிலியர்களின் கார் கிளப் ஒன்று எங்களைத் தங்கள் ஊர்வலங்களில் சேர்த்துக்கொள்ளும். நாங்கள் எப்போதும் கடைசி. வழியில் நின்றுபோனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் அதுதான். நாங்கள் நின்றபோதெல்லாம் அவர்களும் நிறுத்தி, டிக்கியிலிருந்து பாணும் ஒலிவங்காயும் எடுப்பார்கள். நாங்கள் இடியப்பப் பார்சலைப் பிரிப்போம். கார் ஒழுங்காக ஓடிய நாட்களில் எல்லாருக்கும் பட்டினி.

இந்த வருடம் அவன் லண்டனில் இருக்கும் மகளோடு போய்த் தங்க முடிவெடுத்தான். பேரப்பிள்ளை பார்க்கும் உத்தியோகம் கிடைத்துவிட்டது, இனித் திரும்பமாட்டான். காரைச் சிசிலிய கிளப்பின் தலைவரிடம் விட்டுப்போவதாக ஏற்பாடு. அவரை எல்லாரும் கப்போ, அதாவது தலைவர், என்றே கூப்பிடுவார்கள். போகுமுன் என் நண்பனுக்கு ஒரேயொரு ஆசை: ஒருதரமாவது எல்லாருக்கும் முன்னால் மொண்டெல்லோக் கடற்கரைவரை ஓட்டிப் போகவேண்டும். கப்போவும் சம்மதித்தார்.

அன்று காலை ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. இவ்வளவு பெரிய பயணம், பூசை இல்லாமல் போகலாமா? செயலாளர் இருப்பது வேறு எதற்கு? சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன். எலுமிச்சைக்குப் பஞ்சமில்லாத ஊர். சந்தனப் பொட்டும் வைத்தேன். கற்பூரத்தை எடுக்க அவன் தடுத்தான்.

“பெற்றோல் மணக்கிறது உனக்குத் தெரியேல்லையே? நெருப்பைக் கிட்டக் கொண்டு வராதை மச்சான்.”

நியாயம்தான். ஆனால் கற்பூரம் இல்லாத பூசை எனக்கு உப்பில்லாத கறி. அந்தக் குறையை மஞ்சள்தண்ணியால் நிரப்பலாமென்று செம்பைத் தூக்கினேன். கண்ணாடியில் ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் படம் தொங்கவிட்டிருக்கும் மனுஷர் கப்போ, தன் காருக்கும் வேண்டுமென்றார். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள். எலுமிச்சை இலையால் தெளித்துக்கொண்டே போனேன். கும்பாபிஷேகம் செய்கிற குருக்கள்கூட அவ்வளவு மிதப்பில் நடந்திருக்கமாட்டார். கடைசியாக எங்கள் காருக்கு வந்தேன். சொந்தக் காருக்குத் தெளித்தால் போதுமா? செம்பில் இருந்த மிச்சம் முழுவதையும் என்ஜின்மேல் ஊற்றினேன்.

மற்றக் கார்களுக்கெல்லாம் மூடி இருந்தது.

அவன் சாவியைத் திருப்பினான். என்ஜின் இருமியது, மஞ்சளாக ஒருதரம் தும்மியது, அடங்கிவிட்டது. கப்போ குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். “இது சமையலுக்குப் போடுகிறதா?” என்று கேட்டார். தலையாட்டினேன். கழற்றிக் கழுவாமல் இனி ஓடாது என்றார். அவனுக்கோ அடுத்தநாள் காலை பிளேன்.

அவன் இறங்கி வந்து கைலேஞ்சியால் குழாயின் விளிம்பைத் துடைத்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அத்தனை சிசிலியர்களுக்கு முன்னால், வயதுக்கு வந்த பிள்ளைகளின் தகப்பன், வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கப்போதான் கயிறு கொண்டுவந்தார். எங்கள் காரைத் தன் காரின் பின்னால் கட்டினார். “முன்னுக்கு என்றால் முன்னுக்குத்தான்” என்றார். எங்கள் இருவரையும் காரோடு அவர் இழுத்துக்கொண்டு போக, முழு ஊர்வலமும் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது.

மொண்டெல்லோவுக்குப் போகும் பூங்கா வீதியில் திரும்பியபோதுதான் கவனித்தேன், காருக்குள் அமைதியாக இருந்தது. இதற்கு முன் அப்படி இருந்ததே இல்லை.

“மச்சான், உனக்கு ஒண்டு சொல்லவேணும்” என்றான் அவன். “இவ்வளவு காலமும் பக்கத்திலை இருந்து நீ கதைச்சது எனக்கு ஒண்டும் கேட்டதில்லை. எஞ்சின் சத்தம்.”

மனைவிக்குச் சொல்லாததையெல்லாம் அந்த சீட்டிலிருந்துதான் சொன்னேன். பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி பிந்தியபோது நித்திரையில்லாமல் கிடந்தது, அம்மாவின் செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் போனது, எல்லாம். அவன் “ஓம், ஓம்” என்று தலையாட்டுவான். அந்த ஓமை நம்பி நான் எடுத்த முடிவுகள் கொஞ்சமல்ல.

“அப்ப ஏன் ஓம் ஓம் எண்டு சொன்னனி?”

“கதைச்சு முடிய உன்ரை முகம் தெளியும். அதுக்குத்தான்.”

தூரத்தில் கடல் தெரிந்தது.

“இப்ப சத்தம் இல்லை” என்றான். “சொல்லு, கேக்கிறன்.”

“நீ போகாதை” என்றேன்.

அவன் வீதியைப் பார்த்தபடி, “ஓம், ஓம்” என்று தலையாட்டினான்.