செருப்பு அலமாரிமேல் ஒரு டப்பா

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாம் மாடியில். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

தான் கழற்றிப் பார்த்து மாட்டாத எதையும் அவர் நம்பமாட்டார். புது மின்விசிறி வந்தால் அது சுற்றுவதற்கு முன்னால் அவர் கையில் ஸ்க்ரூடிரைவர் சுற்றும். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். சின்ன வயசு, விவரம் போதாது.

மூன்று வருடத்துக்கு முன் கடைவாய்ப்பல் பிடுங்க, நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு வந்தார். வாயில் பஞ்சோடு என் மேஜைப் பக்கம் வந்தவர் கண்ணில், கீபோர்டுக்கு அடியில் நான் செருகிவைத்திருந்த துண்டுச்சீட்டு பட்டுவிட்டது. ஈமெயில், வங்கி, மின்கட்டணம், மகள் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு: மகளின் செல்லப்பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. அவர் கண் இரண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தது. வாயைத் திறக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இரண்டு மணி நேரம் தப்பித்தேன்.

பஞ்சை எடுத்ததும் ஆரம்பித்தார். பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கவே கம்பெனிகள் இருக்கின்றனவாமே, அதில் சேர்ந்துவிடலாமே என்று நானும் வாயைக் கொடுத்தேன்.

"அடுத்தவன் கம்ப்யூட்டர்ல நம்ம வீட்டுச் சாவியா? நம்ம சாவி நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரமே, மூடப்போகிற ஒரு அலுவலகத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிவந்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அதை வாசல் பக்கம், செருப்பு அலமாரிமேல், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். பத்து ஞாயிற்றுக்கிழமை அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் செருப்பைக் கழற்ற வேண்டும்.

"இது கன்டெய்னர். கம்ப்யூட்டருக்குள்ள தனியா ஒரு டப்பா மாதிரி. பாஸ்வேர்டு வைக்கிற புரோகிராமும் அதுக்கு வேண்டியதும் அந்த டப்பாவுக்குள்ளயே இருக்கும். மத்த எதோடயும் ஒட்டாது, உரசாது" என்று விளக்கினார்.

"உங்கள மாதிரி" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் டப்பா. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது, அதனாலேயே எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

டப்பா வந்ததும் சட்டங்களும் வந்தன. தாளில் எழுதக்கூடாது. கணக்குக்குக் கணக்கு வேறு பாஸ்வேர்டு, அதையும் டப்பாவே பொறுக்கிக் கொடுக்கும். வேலை முடிந்ததும் வெளியேறிவிட வேண்டும். எந்த இணையதளத்துக்கும் போன் நம்பர் கொடுக்கக்கூடாது. டப்பா வீட்டு வைஃபையில் மட்டும்தான் பேசும், வெளியே தலைகாட்டாது. நாங்கள் நினைவில் வைக்க வேண்டியது, டப்பாவைத் திறக்க ஆளுக்கு ஒரு தாய்ப் பாஸ்வேர்டு, நான்கு சொல். என்னுடைய நான்கும் அவரைத் திட்டும் சொற்கள். தினமும் புழங்குவதால் மறக்கவே இல்லை.

ஒருநாள் துணி தேய்க்க டப்பாவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். அப்பப்பா, என்ன கூப்பாடு! மறுநாள் லிஃப்ட் மோட்டார் அறையில் மாட்டும் தகடு ஒன்று வந்து சுவரில் ஏறியது. சிவப்பு எழுத்தில்: அபாயம், தொடாதே. சொந்த வீட்டில், கட்டிய பெண்டாட்டிக்கு!

ஒன்று சொல்ல வேண்டும், ஆள் வேலையில் சுத்தம். வெள்ளிக்கிழமைதோறும் டப்பாவில் இருப்பதையெல்லாம் ஒரு பென்டிரைவில் நகல் எடுப்பார். எடுத்த கையோடு, மாதம் ஒருமுறை டப்பாவை அடியோடு அழித்துவிட்டு, நகலிலிருந்து திரும்பக் கொண்டுவந்து பார்ப்பார். "பிரேக் புடிக்குதான்னு லிஃப்ட ஓடவிட்டுத்தானே பார்க்கணும்?" என்பார். பரிசோதனைப் பதிவேடு ஒன்றும் உண்டு. தேதி, நேரம், கையெழுத்து.

இப்போது பாப்பா கதைக்கு வருகிறேன். பாப்பா என்றால் எங்கள் ஒரே மகள், பதினெட்டு வயசு. பிசியோதெரபி படிக்க வேண்டும் என்று தலைகீழாக நின்றவள். போன வருடம் காத்திருப்போர் பட்டியலில் நான்காவதாக நின்று இடம் கிடைக்காமல், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி விண்ணப்பம் போட்டாள். இந்தத் தடவை ஒரு சனிக்கிழமை காலையில் பட்டியல் வந்தது. பெயர் இருந்தது! கல்லூரி இணையதளத்தில் கணக்குத் திறந்து, புகைப்படம் ஏற்றி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

சனிக்கிழமையே வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அப்பா சட்டப்படி புது ஈமெயில் ஒன்று, கல்லூரிக் கணக்கு ஒன்று திறந்தாள். இரண்டுக்கும் டப்பா கொடுத்த இருபத்துநான்கு எழுத்துப் பாஸ்வேர்டு. சட்டப்படியே எல்லாவற்றிலிருந்தும் வெளியேறினாள், அந்தக் கம்ப்யூட்டரில் எதுவும் மிஞ்சவில்லை. ஞாயிறு மதியம் புகைப்படம் எடுத்துவரக் கிளம்பிப் போனாள்.

அவள் போன பிறகு என் தம்பி வந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அடுத்தவரை உசுப்பேற்றுவது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"மாமா, உங்க டப்பா ஒருநாள் புட்டுக்கிட்டா குடும்பமே தெருவுலதான?"

"புட்டுக்காது மாப்ள. புட்டுக்கிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல திரும்ப வரும்."

"சொல்றது சுலபம். நான் கண்ணால பார்த்ததில்லையே."

போதாதா? ஸ்டூலை இழுத்துப் போட்டார். எங்கள் கண்ணெதிரே டப்பாவை உள்ளிருந்த சாமானோடு அழித்தார். பென்டிரைவைச் செருகினார், ஏதேதோ தட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை நிமிடம். டப்பா திரும்பி வந்துவிட்டது. தம்பி கைதட்டினான். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதிவேட்டை எடுத்தார். அதில் நகல் எடுத்த தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'வெள்ளி' என்று எழுதினார். பேனா அப்படியே நின்றது.

"ஏம்மா, பாப்பா கணக்கு திறந்தது என்னைக்கு?"

"நேத்துதான். சனிக்கிழம" என்றேன்.

அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை நகலில் சனிக்கிழமைச் சாமான் எப்படி இருக்கும்? கல்லூரிப் பாஸ்வேர்டு போயிற்று. புதுசு கேட்கலாம் என்றால், அது வந்துசேரும் ஈமெயிலின் பாஸ்வேர்டும் போயிற்று. போன் நம்பரும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் போனை எடுக்கவும் ஆளில்லை. மணி மூன்றே கால்.

"அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். இருபது வருடத்தில் அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். பாவமாக இருந்தது.

திடீரென்று எழுந்தார். "போன்! அவ போன்ல ஒரு நகல் இருக்கும். நேத்து சாயங்காலம்கூட வீட்ல திறந்து பார்த்தாளே!"

"அப்போ பிரச்சனை தீர்ந்துது" என்றான் தம்பி.

"இல்ல மாப்ள. அந்த போன் வைஃபைக்குள்ள வந்ததும் டப்பாவோட ஒத்துப் பார்க்கும். டப்பால இல்லாதத தன்கிட்டயும் அழிச்சிடும். அவ வீட்டுக்கு வரக்கூடாது!"

பெற்ற மகள் வீட்டுக்கு வரக்கூடாது என்று அவளுக்குப் போன் போட்டோம். ஒன்பது தடவை. எங்கள் பாப்பாவின் போன் எந்தக் காலத்தில் அடித்திருக்கிறது? எப்போதும் சைலன்ட்தான். பல் கிளினிக்கில் அத்தனை பேருக்கும் போன் போட்டு, வர வேண்டிய நேரத்தை நினைவூட்டும் எனக்கு, சொந்த மகளைப் பிடிக்க முடியவில்லை.

அப்போது கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. படபடவென்று, ஒரு படி விட்டு ஒரு படி. அவளேதான்.

வைஃபை எதுவரைக்கும் வரும் தெரியுமா? கீழே இரண்டாம் மாடி வரைக்கும். கூடுதலாக ஒரு ஆன்டெனா மாட்டி, அதைப் பக்கத்து வீடெல்லாம் பீற்றிக்கொண்ட மகானுபாவர் இவர்.

ஸ்டூலில் விழுந்து, டப்பாவை நிறுத்தக் கீபோர்டைப் பிடித்தார். "முறையா நிறுத்தணும், முறையா நிறுத்தணும்." பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார். மறுபடி அடித்தார், மறுபடி தப்பு. செருப்புச் சத்தம் முதல் மாடியைத் தாண்டிவிட்டது.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "தள்ளுங்க!" என்றேன். அபாயம், தொடாதே என்ற தகட்டுக்குக் கீழே கையை விட்டு, டப்பாவின் பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

"ஐயோ, அப்படிப் புடுங்கக்கூடாது!" என்று அலறினார். டப்பாவின் பச்சை விளக்கு அணைந்தது.

கதவு திறந்தது. பாப்பா கையில் புகைப்பட உறையோடு நின்றாள். அப்பா ஸ்டூலில், மாமன் சுவரோரம், அம்மா கையில் பிளக்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

தம்பி ஏதோ கதை கட்ட வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நான்தான் பாப்பா. உன் பாஸ்வேர்ட நான்தான் அழிச்சேன். போன கொடு, உள்ள இருக்கான்னு பார்ப்போம்."

அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. போனில் தன் நான்கு சொல்லை அடித்துத் திறந்தாள். பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள்.

"இருக்குப்பா. ரெண்டும் இருக்கு" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாராவது ஒரு தாள் கொடுங்க." மூன்று வருடமாகத் தாளைத் தொடவிடாத மனுஷன்! பதிவேட்டிலிருந்தே ஒரு பக்கத்தைக் கிழித்து, அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினார். நான் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். நாலு மணிக்கெல்லாம் பாப்பாவின் இடம் உறுதியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் அப்பாவைத் திட்டினாள். எனக்கே மிச்சம் வைக்காமல் திட்டினாள். அவர் வாங்கிக்கட்டிக்கொண்டு, திட்டு வாங்குவதே பாக்கியம்போல உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தேன். சுவரில் பழைய தகட்டைக் காணோம். டப்பாவின் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. மேலே புதுத் தகடு: அவசர நிறுத்தம். பிடுங்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும்.

பக்கத்தில், இஸ்திரிப் பெட்டிக்கென்று தனியாக ஒரு புது பிளக் பாயிண்ட் இருந்தது. மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.