‘ஏன் இந்த வீடு?’ என்று கேட்ட சரோ ஆன்டி

சரோ ஆன்டி இறந்துவிட்டார். காலையில் அவருடைய மகள் போன் பண்ணிச் சொன்னபோது, எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை...

ஆன்டியாக இருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

கிள்ளானில், மேரு போகும் பக்கம் எங்கள் தாமான், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பு. ஆன்டி என் பக்கத்து வீடு. ரிட்டயர் ஆகும்வரை கோர்ட்டில் இன்டர்பிரிட்டராக இருந்தவர். தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு மலாயில் எடுத்துச் சொல்லும் வேலை.

எத்தனையோ திருட்டு கேஸ்கள் அவர் வாய் வழியாகத்தான் போயின.

சில வருஷங்களுக்கு முன், நாங்கள் செராஸில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் என் வீட்டை உடைத்தார்கள். பின்பக்க கிரில்லை அறுத்திருந்தார்கள். மனைவியின் தாலிக்கொடி போய்விட்டது. விசேஷத்துக்குப் போகும் அவசரத்தில், கொக்கி விட்டுப்போனதென்று கழற்றி வைத்திருந்தாள்.

போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து ஐயோ பாவம் என்றார்கள்.

ஆன்டி மட்டும், "ஏன் தம்பி, இந்த ரோட்ல இத்தன வீடு இருக்கு. ஏன் உங்க வீடு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன ஆன்டி, என்னையே கேக்கிறீங்க?"

"திருடன் கையில கிடைக்கலயே. கோர்ட்ல கூட எப்ப போன, என்ன எடுத்தன்னுதான் கேப்பாங்க. ஏன் அந்த வீடுன்னு யாரும் கேட்டதே இல்லலா. எனக்கு அதான் தெரியணும்னு இருக்கும்."

சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டிப்போய் குடையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பைத்தியம் என்று நினைத்தேன்.

அடுத்த சில வாரங்களில் இன்னும் இரண்டு வீடு. எல்லாம் பகலில்.

எங்களுக்குச் சந்தேகம் பழைய பேப்பர் லோரிக்காரர் செல்வத்தின் மேல். வாரம் தவறாமல் வருவார், ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போவார்.

அவருடைய போட்டோவை எடுத்து, "இவன்தான். ஜாக்கிரதை" என்று தாமான் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது... நான்தான்.

மறுவாரம் லோரி வந்தபோது நாலைந்து பேர் மறித்தோம். சாவியைப் பிடுங்கியதும் நான்தான். ஒருவர் கையில் கட்டை இருந்தது. செல்வம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அண்ணே, சத்தியமா நான் இல்லண்ணே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆன்டி நைட்டியோடு ஓடி வந்தார். கத்தவில்லை. எங்களை விலக்கிவிட்டு லோரிக் கதவோரம் போய் நின்றார்.

"தம்பி, பயப்படாதீங்க. ஒண்ணு சொல்லுங்க. எந்த வீட்ல ஆள் இருக்கு, எதுல இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செல்வம் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "கேட்டுல பூட்டப் பாப்பேன் ஆன்டி. உள்பக்கம் பூட்டியிருந்தா ஆள் இருக்காங்க, ஹாரன் அடிப்பேன். வெளிப்பக்கம் தொங்குச்சுன்னா யாரும் இல்ல, போய்ட்டே இருப்பேன்."

"பாத்தீங்களா, எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான்!" என்றார் கட்டை வைத்திருந்தவர்.

"அவருக்குத் தெரிஞ்சது ரோட்ல போற எல்லாருக்கும் தெரியும்லா" என்றார் ஆன்டி. "நாமதான் வெளிய தொங்க விட்டு சொல்லிக்கிட்டு இருக்கோம்."

என் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிய அன்று வெளியே நின்று சங்கிலியை இழுத்துப் பூட்டியது ஞாபகம் வந்தது. மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அப்படித்தான் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். செல்வம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்று மாலையே போட்டோவை அழித்துவிட்டு ஆன்டியிடம் சொன்னேன். "அழிச்சா போதுமா? பாத்தவங்க மனசுல இருக்கே. தப்புன்னு நீங்களே எழுதுங்க" என்றார்.

எழுதினேன். வாழ்க்கையில் நான் எழுதிய கஷ்டமான நாலு வரி.

அதன்பிறகு எங்கள் ரோட்டில் எல்லாரும், வெளியே போனாலும், கம்பிக்குள் கையை விட்டு உள்பக்கமாகப் பூட்டப் பழகினோம். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் தபாலை எடுத்து வைப்பார். வாசல் விளக்கு பகலில் எரிந்துகொண்டிருந்தால், அதுவும் ஆள் இல்லை என்று காட்டிக்கொடுக்கும் என்று ஆன்டியே வந்து திட்டுவார்.

எங்கள் ரோட்டில் மறுபடி திருட்டு நடக்கவில்லை. பின் ரோட்டில் ஒரு முறை நடந்தது. தாலிக்கொடி கிடைக்கவே இல்லை.

செமினி பக்கம் வீடு உடைத்த இரண்டு பேர் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களா, தெரியாது. ஆன்டிக்கு அவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "பூட்டுதானா, வேற ஏதாச்சும் பாத்தாங்களான்னு கேக்கணும்லா." மகள் விடவில்லை.

போன மாதம் அவருக்கு ஒரு ஸ்கேம் கால் வந்தது. கோர்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் பேரில் கேஸ் இருக்கிறது என்று மலாயில் மிரட்டல்... கோர்ட்டிலேயே வாழ்ந்தவரிடம்!

எந்த ரூம், எந்த மாஜிஸ்திரேட் என்று ஆன்டி அரை மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறார். அவன் மலாய் பேசுகிற விதத்திலேயே நம்மவன் என்று தெரிந்துபோக, கடைசியில் தமிழில், "சாப்பிட்டியாய்யா?" என்றாராம்.

அவன் மிரட்டலை விட்டு மெதுவாக, "இன்னும் இல்ல ஆன்டி... போன வச்சிருங்க" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டானாம்.

இதை என்னிடம் சொல்லும்போது ஆன்டி சிரிக்கவில்லை. "எங்க இருந்து பேசினான்? யாரு அவன அங்க கொண்டுபோய் விட்டது? வேலன்னு ஏமாத்திக் கூட்டிட்டுப் போய், வெளிய வர முடியாத இடத்துல அடைச்சு வச்சிருக்காங்களோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நம்பருக்கு மறுபடி மறுபடி போன் போட்டிருக்கிறார். கிடைக்கவில்லை.

நாளை மதியம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய்ட்டு வாங்க ஆன்டி...