தழை மிதித்த பதினொரு பேர்

டிரில் மாஸ்டர் ஞானதுரை தன் வாழ்நாளில் ஒரே ஒரு கோல்தான் போட்டார். அதுவும் சொந்தக் கட்சியின் கம்பங்களுக்கு நடுவே. மதுரையில் பயிற்சிப் பள்ளியில் படித்தபோது நடந்தது. கேட்காதவர்களிடம்கூட இதைச் சொல்லிச் சிரிப்பார்.

போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். வந்து தராசைப் பிடி என்றார் அப்பா. மகன் ஒரு தோல்பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊர் வந்து இறங்கினார். 1929இல் சின்னமனூர்ப் பக்கத்து ஹைஸ்கூல் ஒன்றில் வேலை கிடைத்தது. கஞ்சி போட்ட காக்கி டவுசர், கழுத்தில் விசில், அதற்குக் கீழே கொஞ்சம் தொப்பை. காலையில் டிரில், சாயங்காலம் புட்பால்.

எந்தத் தெருப் பையனுக்கும் அவர் ஆட்டத்தில் இடம் உண்டு. தண்ணீர்ப் பானை ஒன்று, குவளை ஒன்று. சில அப்பன்மார் சண்டைக்கு வந்தார்கள்.

"தாராளமா ஒங்க மகனைக் கூட்டிட்டுப் போங்க. அவன் வந்தாச் சரி" என்றார் ஞானதுரை.

ஒரு மகனும் போகவில்லை.

பதினான்கு வருஷம் இப்படி ஓடியது. 1943இல் வந்தது வினை. பர்மா அரிசி நின்றுபோய், தரிசு கிடந்த நிலத்தையெல்லாம் உழச் சொன்னது சர்க்கார். பள்ளிக்குப் பின்னால் பையன்கள் ஆடிய ஒன்றரை ஏக்கர், சொந்தமாக வெள்ளாமை செய்யும் சந்தனம்மாள் என்ற சம்சாரியம்மாளுடையது. வாய்க்கால் எட்டாததால் சும்மா விட்டிருந்தார். அந்த வருஷம் புதுக் கிளை வாய்க்கால் வெட்டினார்கள். ஆனியில் தண்ணீர் வந்தது. கோல் கம்பம் நின்ற இடத்தில் ஏர் நின்றது.

ஞானதுரைக்குத் தூக்கம் போயிற்று. மைதானம் இல்லையென்றால் புட்பால் இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். புட்பால் போனால் அவரிடம் மிச்சம் இருப்பது விசில்தான். நேரே வயலுக்குப் போனார்.

"மாஸ்டரு, ஊரே அரிசிக்கு வரிசையில நிக்கிது. நீங்க பந்துக்கு எடம் கேக்குறீக" என்றார் சந்தனம்மாள்.

நியாயத்தோடு சண்டை போட ஞானதுரைக்குத் தெரியாது. ஆனால் கண் வேலை செய்தது. உழுது தண்ணீர் கட்டிய வயல். வரப்பில் கொழிஞ்சியும் ஆவாரந்தழையும் மலைபோலக் குவிந்து வாடிக்கொண்டிருந்தன. உரத்துக்காக அதைச் சேற்றுக்குள் காலால் மிதித்து அமுக்க வேண்டும். வயலில் ஆளே இல்லை.

"தழை மிதிக்க ஆளு?"

"எங்கன இருக்காக? பாதிப் பேரு பட்டாளத்துக்குப் போயிட்டாக. மிச்சப் பேரு மேமலை எஸ்டேட்டுல இருக்காக."

"பதினோரு சோடிக் காலு நான் தாரேன். கூலிக்குப் பதிலா, வாய்க்காத் தண்ணி ஏறாத அந்த மேட்டுப் புஞ்சைய எங்க ஆட்டத்துக்கு விடுங்க. கல்லுக் காடுதான."

"எங்கய்யா எனக்குக் குடுத்த காடு. அம்புட்டு லேசா விட மாட்டேன். மொத மிதிங்க. அடுத்த மாசம் பெரியகுளத்துல பந்தயமாம்ல, செயிச்சுட்டு வாங்க, பாப்போம்."

கூலியைக் கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை வைப்பது எந்த ஊரிலும் அநியாயம். ஞானதுரைக்கும் அது தெரியும். ஆனாலும் தலையாட்டினார். சேற்றில் மிதித்தால் பையன்களின் கால் இரும்பாகும் என்று அவருக்கு ஒரு கணக்கு.

பதினொரு பேரும் தோளில் கை போட்டு வரிசையாக இறங்கினார்கள். இடது கால், வலது கால், அமுக்கு, நகர். வரப்பிலிருந்து விசில். அந்த வயலும் அடுத்தடுத்த வயல்களுமாக மூன்று வாரம். சந்தனம்மாள் தினமும் ஒரு பானை கம்பங்கூழும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். வீட்டில் மனைவி ஜெபராணி, யுத்தத்தால் பந்துக்குள் வைக்கும் புதுப் பிளாடர் கிடைக்காமல், பழையதற்குச் சைக்கிள் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த மூன்று வாரமும் பந்தை யாரும் தொடவில்லை. ஞானதுரை செய்த தப்பு அதுதான்.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸை ஏற்றத்தில் தள்ளித் தள்ளிப் பெரியகுளம் போய்ச் சேர்ந்தார்கள். முதல் நாள் பெய்த மழையில் மைதானம் நாற்றங்கால் மாதிரி கிடந்தது.

"ஏலே, நம்ம வயலு நமக்கு முன்னாடி வந்து கெடக்குலே!" என்று குதித்தார் ஞானதுரை.

முதலில் அப்படித்தான் இருந்தது. பூட்ஸ் போட்ட எதிர்க்கட்சி வழுக்கி வழுக்கி விழுந்தது. இவர்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். கோல் கீப்பர் மல்லாந்து கிடக்க, பந்து கோலுக்கு நாலடி முன்னால் சேற்றில் நின்றது. இவர்களில் முன்னால் ஆடிய மொக்கைச்சாமி ஓடி வந்தான். காலைத் தூக்கினான். மிதித்தான்.

பந்து பாதி சேற்றுக்குள் போயிற்று. வலது காலால் அமுக்கினான். பக்கத்தில் வந்த இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு சேர்ந்து மிதித்தார்கள்.

"ஒதைங்கலே! மிதிக்காதீகலே!" ஞானதுரை தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏப்பா, நாத்து நடவும் இங்கனயேவா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். மைதானமே சிரித்தது. பந்தைத் தோண்டி எடுக்க நடுவர் குனிய வேண்டியதாயிற்று. இப்படி மூன்று முறை. கடைசியில் ஒன்றுக்குச் சைபர். தோல்வி.

திரும்பி வந்ததும் ஞானதுரை சந்தனம்மாள் முன்னால் போய் நின்றார். "தோத்துட்டோம்" என்றார். காரணம் சொல்லவில்லை. தோற்றவன் காரணம் சொன்னால் பிச்சை கேட்பது போல இருக்கும் என்று நினைத்தார். பின்னால் நின்ற மொக்கைச்சாமிக்கு அந்த ரோஷமெல்லாம் இல்லை.

"ஆத்தா, பந்துன்னு நெனச்சேன். காலு தழைன்னு நெனச்சுருச்சு" என்று மிதித்தே காட்டினான்.

சந்தனம்மாள் சிரித்தார். சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என் வேலையச் செஞ்சுதேன் தோத்துருக்கீக. அப்பத் தோல்வியும் என்னோடதுதேன். புஞ்சைய எடுத்துக்கங்க. ஆனா வருசா வருசம் தழை மிதிக்க வரணும். மிதிச்சு முடிச்சதும் ஒரு மணி நேரம் பந்தை ஒதச்சுட்டுத்தேன் வீட்டுக்குப் போகணும். காலு மறந்துரும்ல மாஸ்டரு, இதுகூடவா தெரியாது?"

ஞானதுரை நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

கல் பொறுக்கி மேட்டுப் புஞ்சையைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. முதல் உதை சந்தனம்மாள்தான் கொடுக்க வேண்டும் என்று பையன்கள் பிடிவாதம் பிடித்தார்கள். கொசுவத்தை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி உதைத்தார். பந்து நேரே கம்பங்களுக்கு நடுவே போயிற்று.

"ஒங்களால முடியாதது" என்றார் ஜெபராணி, புருஷனைப் பார்த்து.

மறு வருஷமும் தோற்றார்கள். 1946இல் பெரியகுளத்துக் கோப்பை வந்தது. சந்தனம்மாள் அதை ஒரு நாள் வாங்கி வைத்து, பால் காய்ச்சி அதில் பையன்களுக்குக் கொடுத்தார். ஞானதுரை இன்னும் பல பதினொரு பேரை உருவாக்கினார். அவர்களில் பெரிய ஆட்டக்காரன் என்று யாரும் ஆகவில்லை. கண்டக்டர், கணக்கப்பிள்ளை, வாத்தியார், சம்சாரி ஆனார்கள். ஒரே குவளையில் தண்ணீர் குடித்த பழக்கம் மட்டும் பலருக்கு விடவில்லை.

அப்புறம் ஒரு வார்த்தையும் அந்தப் பக்கத்தில் தங்கிவிட்டது. கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எந்தப் பையன் கோலுக்கு முன்னால் பந்தோடு தடுமாறினாலும், வெளியிலிருந்து ஒருவன் கத்துவான்: "ஏலே, தழை மிதிக்காதலே!" அந்த மேட்டுப் புஞ்சையில் அதை எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் ஞானதுரைதான்.