பிரேமளா பார்த்த குருவிப் படம்

எங்கள் பாலோ ஊரில் பிரேமளா எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நல்லவள்தான், ஆனால் சரியான பிடிவாதக்காரி. புருஷன் செத்த வருஷம் சர்ச்சில் சேர்ந்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் மகேஸ்வரன் மாரியம்மன் கோயிலில் லோஷினிக்குத் தாலி கட்டினான். கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்று பெற்றவள் போகவில்லை. நான்தான் போய் அட்சதை போட்டேன். திரும்பி வந்து அவளைக் கிழி கிழியென்று திட்டியும் வைத்தேன். அன்றோடு மகன் பேச்சை நிறுத்திவிட்டான். இப்போது கெலாங் பாத்தாவில் குடியிருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். போன் செய்தாலும் எடுப்பதில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரேமளா ஒரு பிஸ்கட் டின் நிறைய முறுக்குச் சுட்டு, அந்தப் பக்கம் லாரி ஓட்டும் காளியப்பனிடம் மகனுக்குக் கொடுத்தனுப்புவாள். டின் சீனியோடு திரும்பி வரும். பலகாரம் வந்த ஏனத்தை நாங்கள் வெறுமனே திருப்பித் தரமாட்டோம். ஒரு பிடி சீனியாவது போட்டால்தான் உறவு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சீனியைத் தேத்தண்ணியில் போட்டுக் குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உண்மை எனக்குத் தெரியும். இரண்டாம் வருஷமே காளியப்பன் சொல்லிவிட்டான்.

"வேணாம், எடுத்துட்டுப் போன்னு கேட்டுலயே சொல்லிட்டான்க்கா. அந்தம்மா மனசு ஒடஞ்சுருமேன்னு நான்தான் எங்க வீட்டுச் சீனியப் போட்டுக் குடுத்தேன்."

ஊர் வம்பையெல்லாம் பேசுகிற என் வாய், இதில் மட்டும் ஆறு வருஷம் மூடிக் கிடந்தது.

போன டிசம்பரில் சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் போட்டார்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறவள் பிரேமளா. என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். படத்தில், கோபித்துக்கொண்டு பறந்துபோன குஞ்சுக்காகத் தாய்க்குருவி தினமும் ஜன்னலில் தானியம் வைக்கிறது. காலையில் பார்த்தால் தானியம் இருக்காது. பண்டிகையன்று குஞ்சு வந்துவிடுகிறது. பிள்ளைகள் கெரோப்போக் அப்பளம் தின்றுகொண்டு சிரித்தன. இவள் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, சீனுக்குச் சீன் கர்த்தர் பேசுறாருக்கா. குஞ்சு திங்கிறத அந்தக் குருவி பாக்கல, ஆனா நம்புச்சுல்ல? அதான் விசுவாசம். நம்ம டின்னும் அப்படித்தானே? இந்த வருஷம் மகேஸ் வந்துருவான். ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன்."

"அலமாக்! பிள்ளைங்க படத்தப் பாத்துட்டு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறியா? அடியே, அந்தச் சீனி காளியப்பன் போட்டதுடி!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என்ன பிரயோஜனம்?

"எத்தன வருஷமாக்கா?"

"ஏழு வருஷமும்."

நோட்டை மூடினாள். மறுநாள் காலையில் காளியப்பன் லாரியில் அவளே டின்னோடு ஏறினாள். வாயை விட்டவள் நானல்லவா? நானும் ஏறிக்கொண்டேன்.

மகேஸ்வரன் வெளியே வந்தான். கேட்டைத் திறக்கவில்லை.

"ஏம்மா வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்பா. ஒன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும்."

"ஏழு வருஷமா முறுக்கு அனுப்பத் தெரிஞ்சுது. இந்த ஒரு வார்த்தய அனுப்பத் தெரியலையா? மாமியார் ஏன் வரலன்னு ஊரே கேட்டப்ப லோஷினி அழுதா. அத நீங்க பாக்கல."

அவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கம்பி இடுக்கில் டின் நுழையவில்லை. பிரேமளா அதைக் கேட்டுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு வந்து ஏறினாள்.

வழியில் அவள் அழவில்லை.

"முடி நரச்சிருச்சுக்கா அவனுக்கு. முப்பத்தஞ்சுதான் ஆகுது."

லாரி குளுவாங் தாண்டும்வரை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.