மாவு பொங்காத நாட்கள்

நேற்று புனேயின் பாணேர் பகுதியில், எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் ஏறியதும் புளித்த மாவு வாசம் குப்பென்று அடித்தது. யார் கையிலோ பாக்கெட் ஒழுகியிருக்க வேண்டும். உடன் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ மூச்சை ஆழமாக இழுத்து, ஐந்தாவது மாடியில் இறங்க வேண்டியவன் எட்டாவது வரை போய்விட்டேன். இந்த வாசத்துக்கு நான் கொஞ்சம் சொந்தக்காரன். சொல்கிறேன், கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடகை குறைவு என்று இதே ஊரின் கோர்படி பகுதியில் ஓர் அறை எடுத்திருந்தேன். கீழே ராஜாமணி அக்காவின் இட்லி மாவுக்கடை. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற அவர் கணவர் பழனிச்சாமி அண்ணன் கிரைண்டரைப் பார்த்துக்கொள்வார். உத்தரவுக்குக் கீழ்ப்படிவது அண்ணனுக்குப் பழகிப்போன ஒன்று. உத்தரவு போடுகிறவர்தான் மாறியிருந்தார்.

புனே குளிர் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மார்கழியில், இரவு கரைத்துவைத்த மாவு காலையிலும் வைத்தது வைத்தபடியே கிடக்கும். அக்கா வாளியைத் திறந்து பார்ப்பார், மூடுவார். "பொங்கலீங் தம்பி, நாளைக்கு வாங்க" என்று ஷட்டரை இறக்கிவிடுவார். பொங்காத மாவை விற்கவே மாட்டார். அரை மணி நேரத்தில் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார்கள், கடக்வாஸ்லா ஏரிக்கரையில் காந்தா பஜி என்கிற வெங்காய பஜ்ஜி தின்ன. அண்ணனின் ராணுவ ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அக்கா பின்னால் உட்கார்ந்திருப்பார். வாரத்துக்கு இரண்டு தேனிலவு என்று நான் கிண்டலடிப்பேன். இட்லி போன வயிற்றெரிச்சல்தான், வேறென்ன!

ஒரு குளிர்காலத்தில், பக்கத்துத் தெரு சூப்பர் மார்க்கெட்டுக்குக் கம்பெனி பாக்கெட் மாவு வந்து சேர்ந்தது. அது எந்தக் குளிருக்கும் அசரவில்லை. அக்காவிடம் மாவு வாங்கிவந்த ரயில்வே காலனி வீடுகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. ஒரு மாலை, விற்காமல் நின்ற வாளிகளைப் பார்த்தபடி அக்கா கேட்டார்: "மூடிட்டு ஊருக்கே போயிரலாமுங்களா தம்பி?"

ஆபீஸில் நாள் முழுக்க நீடித்த வளர்ச்சியைப் பற்றி ஸ்லைடு போடுகிறவன் அல்லவா, கை துறுதுறுத்தது. பழைய இரும்பு பீரோ ஒன்றை வாங்கினேன். தட்டுகளுக்கு அடியில் குண்டு பல்புகளை மாட்டி, உள்ளே மாவு வாளிகளை அடுக்கினோம். கதகதப்பில் மாவு பொங்கிவிடும் என்பது என் கண்டுபிடிப்பு.

"துணி வெக்கிற பீரோவுல மாவா? ஊருல சொன்னா சிரிப்பாங்க" என்றார் அக்கா.

மறுநாள் காலை திறந்தால், மாவு வாளிகளைத் தாண்டி வழிந்து என் செருப்பு வரை வந்திருந்தது. இரண்டு பல்பு அதிகமாகப் போட்டிருக்கிறேன். அக்கா அதைப் பார்த்து அழுதேவிட்டார், சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு கடைக்கு லீவே இல்லை. போன வீடுகள் திரும்பி வந்தன. ஔந்த், பாணேர் வரை பாக்கெட் போகிறது. எனக்கு ஸ்லைடு போடச் சொல்லிக் கொடுத்த கம்பெனி இழுத்து மூடிப் பல வருஷமாகிறது, மாவுக்கடை நிற்கிறது. இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆரம்பித்தாலே என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

லிஃப்ட் வாசம் விடவில்லை. இன்று காலை கோர்படிக்குப் போனேன். இப்போது மூன்று பீரோக்கள். நான்கு பெண்களை விரட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த அக்கா, "வாங்க தம்பி! இவருதான் நம்ம கடையைக் காப்பாத்துன சாமி" என்று என்னை எல்லோருக்கும் காட்டினார். பெருமையில் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

டீ வாங்கித் தருவதாக அண்ணன் வெளியே கூட்டிப்போனார். ஒரு வாய் குடித்துவிட்டு, கடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஏந் தம்பி, அந்தப் பீரோ ரிப்பேராவற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுங்களா?"

எதற்கு என்றேன், சிரித்துக்கொண்டே.

"அது வந்ததுக்கப்புறம் நானும் உங்கக்காவும் ஒருக்காகூட ஏரிக்குப் போவலீங்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்கூட்டரும் வித்தாச்சு. பரவால்லீங், ஆட்டோவுல போயிக்குவோம். ஒரே ஒரு நாளு மாவு கெட்டாப் போதுமுங்."