கோழி இங்கே இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூடத்தில் என் மகள் செல்போனை வைத்துக்கொண்டு ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங் முடித்தவள், வெளிநாட்டு வேலைக்கு ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களுக்குச் சின்னச் சின்னக் கதைகளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. போனில் ஒரு பெண்குரல் எதையோ தொலைத்துவிட்டு, "தோந்தே எஸ்தா?" என்று கேட்டது. நான் கீரையிலிருந்து தலை நிமிராமல், "நோ எஸ்தா அகீ" என்றேன்.

கூடத்தில் சத்தம் நின்றது. மகள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, இப்ப இன்னா சொன்ன நீ?"

"எங்க இருக்குதுன்னு கேட்டுச்சு. இங்க இல்லன்னு சொன்னேன்."

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் நடுவில் தமிழே தடுமாறிப் பேசுகிறவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவளுக்கு விவரம் சொல்ல வேண்டியதாயிற்று. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து.

அப்போது எனக்கு எட்டு வயது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் ஊர். இருபது, முப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள், ஒரு சின்னக் கோயில், அவ்வளவுதான். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பதினேழு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு மலைநாட்டுக்கு அவளை அனுப்புவதாக ஏற்பாடு. அதற்கு முன் வீட்டைப் பார்த்துவர இருபது நாள் லீவு கொடுத்திருந்தார்கள். மே மாதம், எங்களுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. போனால் திரும்பி வர எட்டு, பத்து வருடம் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள்.

சிஸ்டராகிவிட்ட பெண் வீட்டுக்கு வந்தால் எங்கள் ஊரில் அவள் அந்த வீட்டுப் பெண் இல்லை. கோயிலிலிருந்து மடக்கு நாற்காலி கேட்டு வாங்கி வந்து போடுவார்கள். புதுக் கப்பு சாசர் வாங்குவார்கள். அப்பா அவள் இருக்கும் பக்கம் சட்டை போடாமல் வரமாட்டார். தாயில்லாத சின்னம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்ததும், தலைவாரிப் பேன் பார்த்ததும் அம்மாதான். அதே அம்மா, "வாங்க சிஸ்டர், உக்காருங்க சிஸ்டர்" என்றாள். சாப்பாடு முதலில் அவளுக்கு மட்டும் தனியாக. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா பக்கத்தில் நின்று ஈ ஓட்டினாள்.

இரண்டாம் நாள் காலையில் சின்னம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அம்மா ஓடி வந்து பிடுங்கினாள்.

"நீங்க வாசல் பெருக்கறதப் பாத்தா ஊர்ல என்னை இன்னா பேசுவாங்க சிஸ்டர்?"

"நான் பெருக்கின வாசல்தானக்கா இது."

"அது அப்போ."

சின்னம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவின் மரியாதையைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு யாராவது வந்தால் நான் ஆட்டுக் கொட்டாய்க்குள் போய் ஒளிந்துகொள்வேன். மூன்றாம் நாள் சின்னம்மா என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். வெள்ளை அங்கியோடு வைக்கோலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தாள்.

"இதுல இருக்கற கதைய நான் பாக்காம ஒப்பிக்கணும். நீ புஸ்தகத்தப் பாத்துக்கினே இருந்து, தப்பு வந்தா புடிக்கணும். செய்வியா?"

"எனக்கு அந்தப் பாஷ தெரியாதே சிஸ்டர்."

"எனக்கு மட்டும் தெரியுமா? ஆனா ஒரு கண்டிஷன். பாடம் நடக்கற வரைக்கும் சிஸ்டர் கெடையாது. சின்னம்மா."

அந்த நாட்டிலிருந்து திரும்பி வந்த வயதான சிஸ்டர் ஒருவர் மடத்துப் பெண்களுக்காகத் தானே எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்துத் தைத்த புத்தகம் அது. பன்னிரண்டு கதைகள். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் சின்னம்மா அதன் உச்சரிப்பைப் பென்சிலால் தமிழில் எழுதி, ஓரத்தில் அர்த்தமும் குறித்திருந்தாள். கதை முடியும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், பக்கத்தில் மடத்துத் தலைவியான மதரின் கையெழுத்து, தேதி. எங்கள் டீச்சர் நோட்டில் போடுவதுபோலவே இருந்தது.

நாங்கள் எடுத்துக்கொண்டது கடைசிக் கதை. ஒரு பெண்ணின் வெள்ளைக் கோழி காணாமல் போய்விடுகிறது. அவள் ரொட்டி சுடுபவர் வீட்டுக்குப் போகிறாள். என் கோழி எங்கே என்று கேட்கிறாள். இங்கே இல்லை என்கிறார். தச்சர் வீட்டில் இல்லை, டீச்சர் வீட்டில் இல்லை, சாமியார் வீட்டிலும் இல்லை. அழுதுகொண்டே வீட்டுக்குத் திரும்பினால், கட்டிலுக்கு அடியில் கோழி முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. எஸ்தா அகீ. இங்கே இருக்கிறது.

தினமும் அம்மா மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனதும் நாங்கள் பம்பு செட்டுக்குப் போய்விடுவோம். என் கையில் எங்கள் வெள்ளைக் கோழி. தண்ணீர்த் தொட்டிதான் ரொட்டிக்காரர் வீடு, வேப்பமரம் தச்சர் வீடு, மோட்டார் ரூம் டீச்சர் வீடு. சின்னம்மா ஒவ்வோர் இடமாகப் போய்க் கேட்பாள். நான் அந்த வீட்டுக்காரராக நின்று பதில் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லவே குரல் எழும்பாத எனக்கு, "நோ எஸ்தா அகீ" என்று வரப்பு முழுக்கக் கேட்கும்படி கத்த முடிந்தது. சொல்வது யாருக்கும் புரியாது என்பதே பெரிய தைரியம்.

களைவெட்டப் போகிற ஒரு பெண் வரப்பில் நின்று கேட்டாள்: "இன்னா சிஸ்டர், கோழிக்கு ஜபம் சொல்லிக்கினு இருக்கீங்களா?"

"கொழம்புல போறதுக்கு முன்னாடி அதுக்கும் ஒரு ஜபம் வேணாமா?" என்றாள் சின்னம்மா.

அந்தப் பெண் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று பயந்தவள்போல் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

பாடம் தொடங்கிய மூன்றாவது நாளே எனக்குக் கதை முழுவதும் வந்துவிட்டது. சின்னம்மாவுக்குத்தான் வரவில்லை. வேப்பமரத்தடிக்கு வந்தால் நின்றுவிடுவாள். "தச்சன் வூட்டுக்கு வந்தா மட்டும் மறந்துபூடுது பாரு. அப்புறம் இன்னா?" என்பாள். நான் எடுத்துக்கொடுப்பேன். மறுநாளும் அதே இடத்தில் நிற்பாள். இவ்வளவு மக்காக இருக்கிறாளே என்று எனக்குப் பரிதாபமாக இருக்கும்.

ஒருநாள் மலையைக் காட்டி, "நான் போற ஊர்லயும் மலைதான். நம்ம கல்வராயன் மலைய விட ஜாஸ்தி உசரம். குளுரும் ஜாஸ்தி" என்றாள்.

"அங்க உனக்கு யாரு இருக்கறாங்க சின்னம்மா?"

அவள் கோழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அத அங்க போயி பாக்கணும்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணன் என்னைச் சீண்டினான். அவனுக்குப் பதின்மூன்று வயது; எல்லாம் தெரிந்தவன்.

"இந்த ஊமகிட்ட பாடம் கேட்டா சிஸ்டர் ஃபெயில்தான். பாஷ வராதவங்கள ஏரோபிளேன்ல ஏத்த மாட்டாங்களாம். திருப்பி வூட்டுக்கே அனுப்பிடுவாங்களாம்."

அவன் என்னைக் கேலி செய்வதற்காகச் சொன்னான். எனக்கு அதில் வேறு ஒன்று கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் சின்னம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் புத்தகத்தை எடுத்தேன். என் ரப்பரால் நாலு வீட்டுப் பதில்களையும் அழித்தேன். கடைசிப் பக்கத்திலிருந்த 'எஸ்தா அகீ' என்பதைப் பார்த்து, நாலு இடத்திலும் எழுதினேன். இப்போது ரொட்டிக்காரர் வீட்டில் கேட்டாலும் கோழி இருந்தது, தச்சர் வீட்டில் கேட்டாலும் இருந்தது. இதை இப்படியே மதரிடம் ஒப்பித்தால் நிச்சயம் ஃபெயில். மேலே அச்சில் பழைய வரி அப்படியே இருந்ததை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. சின்னம்மா படிப்பது பென்சில் எழுத்தைத்தான் என்று நம்பினேன். என் எழுத்து அவள் எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்ததும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகவில்லை. மூன்றாவது நாள் ஞாயிறு. பூசை முடிந்து சாமியார் அடுத்த ஊருக்குக் கிளம்பியதும், உபதேசியார் எழுந்து நின்றார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற அவர்தான் எங்கள் ஊருக்குப் பெரியவர்.

"நம்ம வூட்டுப் பொண்ணு கடல் தாண்டிப் போவுது. சிஸ்டர் அந்த ஊர்ப் பாஷையில நாலு வார்த்த பேசுனா, நாங்களும் கேட்டுக்கினு சந்தோஷப்படுவோம்."

சின்னம்மா எழுந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை. கோழிக் கதையை ஆரம்பித்தாள். ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போனாள். என் கோழி எங்கே?

"எஸ்தா அகீ."

தச்சர் வீடு. அங்கே அவள் நிற்கவே இல்லை. எஸ்தா அகீ. டீச்சர் வீடு, எஸ்தா அகீ. சாமியார் வீட்டிலும் கோழி இருந்தது. கடைசியில் கட்டிலுக்கு அடியிலும் இருந்தது. ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்லி முடித்து, பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். சனம் கைதட்டியது. அந்த ஊரில் அந்தக் கதையில் தப்பு இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரியா சொன்னீங்களா சிஸ்டர்? எங்களுக்கு இன்னா தெரியும்" என்று உபதேசியார் சிரித்தார்.

"என் டீச்சர் அங்க உக்காந்திருக்காங்க. அவங்களக் கேளுங்க" என்றாள் சின்னம்மா.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். தப்பு என்று சொன்னால் சின்னம்மா திருத்திக்கொள்வாள். பாஸாகி ஏரோபிளேன் ஏறிவிடுவாள். சரி என்று சொன்னால் ஃபெயிலாகி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"சரி" என்றேன்.

"இன்னா சொல்லுது பாப்பா? கேக்கல."

"சரியா சொன்னாங்க."

மறுபடியும் கைதட்டினார்கள். சின்னம்மா வந்து என் தலையில் கைவைத்தாள். "டீச்சரே சொல்லிட்டாங்க" என்றாள். அவள் கண் ஈரமாக இருந்தது. சாம்பிராணிப் புகையென்றால் அன்று பூசையில் அது போடவில்லை. பாஸானதாக நினைத்துச் சந்தோஷப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டோம். பஸ் கிளம்பும்வரை சின்னம்மா படிக்கட்டிலேயே நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் கூப்பி, "போய்ட்டு வாங்க சிஸ்டர்" என்றாள். சின்னம்மா என் பக்கம் திரும்பினாள். பாதி ஊர் அங்கே நின்றுகொண்டிருந்தது. நானும், "போய்ட்டு வாங்க சிஸ்டர்" என்றேன். இதைத்தான் மகளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால், ஆணியில் மாட்டியிருந்த என் பள்ளிக்கூடப் பைக்குள் அந்தப் புத்தகம் இருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இனி பாஸாக வழியே இல்லை. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். அந்த மாதம் முழுக்க, சாயங்கால பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டுக்குப் போய் நின்றேன். பிறகு ஒருநாள் வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் வந்தது. பிளேனில் போகும்போது யாரோ அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். சின்னம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் விடவில்லை. டிரங்குப் பெட்டியில் அடிவரை துழாவிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கடைசிக் கதையைத் திறந்து, என் பெரிய பெரிய எழுத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அம்மா, சின்ன ஆயா மே மாசம்தான வந்தாங்க? இதுல டிக் போட்டு மார்ச் மாசத் தேதி போட்டிருக்குதே. இத அவங்க முன்னாடியே ஒப்பிச்சிட்டுதான் வந்திருக்காங்க."

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு மை கொஞ்சம் வெளுத்திருந்தது. எட்டு வயதில் அந்த டிக்கை நான் தினமும் பார்த்தேன். டீச்சர் டிக் போட்டுவிட்டால் அந்தப் பாடம் முடிந்தது என்று அப்போதே எனக்குத் தெரியும். முடிந்துபோன பாடத்தை ஒருத்தி எதற்காகத் தினமும் வேப்பமரத்தடி வரைக்கும் வந்து மறந்துபோனாள் என்பதுதான் அப்போது தெரியவில்லை.